மணமக்கள் வாயசைப்பதோ?

திருமணம் என்பது இருவர் தம் சொல்லைத் தாமே கொடுத்து, ஊரும் உறவும் அறிய ஒன்றாகும் நிகழ்ச்சியாகும். பந்தலும் பறையும் பட்டும் பொன்னும் அச்சொல்லுக்குத் துணை நிற்பனவேயன்றி, அச்சொல்லுக்கு ஈடாகமாட்டா. இவ்வடிப்படையை மறந்து, இன்று நம் மணமக்களிற் பலர் தம் சொல்லையும் தம் முகத்தையும் திரைப்படத்தினின்று இரவல் வாங்கி நிற்கின்றனர். இரவல் நகை பூண்டாரை நம் ஊர்ப் பாட்டியர் எள்ளுவர். இரவல் முகம் பூண்டாரை எள்ளுவார் எவர்? எள்ளுதற்கும் ஆளின்றி, ஊரே கைதட்டிப் பார்க்கும் நிலை வந்துவிட்டது.

தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் சாரற் பருவத்தில் செல்வார் இக்காட்சியைக் கண்கூடாகக் காணலாம். ஆனியும் ஆடியும் பிறந்து, மேலைமலையில் முகில் கவிந்து, பேரருவியிலும் ஐந்தருவியிலும் நீர் பெருகத் தொடங்கியதும், நீராட வரும் மக்களோடு வேறொரு கூட்டமும் வருகின்றது. ஆடித் திங்களில் மணமில்லை. ஆனால் மணத்திற்கு முன்னெடுக்கும் படத்திற்கு அவ்விலக்கு இல்லை. ஆவணியில் மணக்கவிருக்கும் இணையரை ஆடியிலேயே அழைத்துவந்து, வயல்வரப்பில் ஓடவிட்டும், பாறைமேல் ஏற்றியும், கோபுரம் தெரிய நிறுத்தியும் படம் பிடிக்கின்றனர். தலைக்குமேல் ஆளில்லாப் பறக்குங்கருவி ஒன்று வண்டுபோல் இரைந்து சுழல்கின்றது. ஒலிபெருக்கியில் ஒரு திரைப்பாடல் ஒலிக்கின்றது. மணமகன் அப்பாடலுக்கு வாயசைக்கின்றான். மணமகள் அப்படத்து நடிகை திரும்பியவாறே திரும்புகின்றாள். சரியாகத் திரும்பவில்லையாயின் மீண்டும் ஒருமுறை, மீண்டும் ஒருமுறை. இதற்குப் பெயர் 'பிரீ வெட்டிங்' என்பதாம். மணத்திற்குப் பின்னெடுப்பது 'போசுட்டு வெட்டிங்' என்பதாம். நாட்குறித்து விடுக்கும் செய்திக்கு 'சேவ் த டேட்' என்பதாம். நாள் நம்முடையது, மணம் நம்முடையது, பெயர் மட்டும் நம்முடையதன்று!

பெயர் மட்டுமாயின், ஒரு சொல்லைக் களைந்து இன்னொரு சொல்லை இட்டு அமைந்துவிடலாம். 'மணமுன் படம்' என்று பெயர்மாற்றி விட்டால் நோய் தீர்ந்துவிடாது. நோய் பெயரினும் ஆழத்தில் இருக்கின்றது.

திரைப்பாடல் எவ்வாறு ஆக்கப்படுகின்றது என்பதை எண்ணிப் பாருங்கள். சொல் ஒருவர் எழுதியது. குரல் இன்னொருவர் தந்தது. இசை மூன்றாமவர் அமைத்தது. திரையில் தோன்றும் நடிகர் அக்குரலுக்கு வாயசைக்கின்றவரே. அவர் காதலிப்பதாகக் காட்டுவதும் கூலிக்குச் செய்யும் தொழிலே. தொழில் என்ற அளவில் அதனை நாம் பழிக்கவில்லை. ஆனால், உண்மையாகவே ஒருவரையொருவர் விரும்பி வாழப்போகும் இருவர், விரும்புவதுபோல் நடித்தவரைப் பார்த்து நடிக்கின்றனரே, இதனை என்னென்பது? பொய் மெய்யைப் போலச் செய்வது கலை. மெய் பொய்யைப் போலச் செய்வது எதனில் சேரும்? நிழலைப் பார்த்து உடல் தன் நடையைத் திருத்திக்கொள்வது போன்றதன்றோ இது!

இம்மயக்கம் மணமக்களோடு நின்றுவிடவில்லை. மண்ணையும் பற்றியுள்ளது. தென்காசியை அடுத்த சுந்தரபாண்டியபுரத்தைப் பாருங்கள். ஊர்ப்பெயரிலேயே பாண்டியன் இருக்கின்றான். 1992-இல் வெளிவந்த 'ரோசா' என்னும் படத்தில் கதைத்தலைவியின் ஊராக இவ்வூர்ப்பெயர் வழங்கியது. பின்னர் 2005-இல் வெளிவந்த 'அந்நியன்' படத்தின் பாடலொன்றுக்காக, இயக்குநர் சங்கரின் படக்குழு இவ்வூருக்கு வந்து, இங்குள்ள பாறையில் திரைநடிகர் முகங்களை வண்ணத்தால் தீட்டியது. பாடல் சில நிமையங்களில் முடிந்தது, குழுவும் போய்விட்டது. பாறைக்கு மட்டும் 'அந்நியன் பாறை' என்னும் பெயர் ஒட்டிக்கொண்டது. தீட்டிய வண்ணம் வெயிலிலும் மழையிலும் மங்கும். ஒட்டிய பெயர் எளிதில் மங்குமா? பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கே கிடக்கும் பாறை, ஒரு படத்தின் உடைமை ஆயிற்று. அதன்முன் நின்று படமெடுத்துக்கொள்ளும் மணமக்களுக்கு அவ்வூர், தம் அத்தையும் மாமனும் வாழும் ஊராகத் தோன்றுவதில்லை. ஒரு பாடற்காட்சி எடுத்த இடமாகத் தோன்றுகின்றது. தன் ஊரைத் தன் கண்ணால் காணாமல், திரைக்கருவியின் கண்ணால் காண்பவன் தன் ஊரிலேயே அயலான் ஆகின்றான். படத்தின் பெயரே அதனைச் சொல்லிவிட்டது போலும்!

அவ்வூரைச் சுற்றிச் சாரற் காலத்தில் கதிரவனை நோக்கி மலர்ந்து நிற்கும் சூரியகாந்திப் பூங்கொல்லைகளின் கதையும் இதுவே. அண்மை ஆண்டுகளில் நம் மாவட்டத்தினின்றும் மலையைக் கடந்து கேரளத்தினின்றும் கூட்டங்கூட்டமாக மக்கள் அங்கே படமெடுக்க வருகின்றனர். வருவார் அறியாத உண்மை ஒன்றுண்டு. நம் கொல்லைகளில் பயிரிடும் சூரியகாந்திச் செடி பெரும்பாலும் ஒரு தண்டு, ஒரு பூ. அப்பூவைக் கிள்ளினாலும் தண்டு ஒடிந்தாலும் அச்செடி அவ்வளவில் முடிந்தது, மறுபூ இல்லை. தேனீ வந்து மகரந்தம் சேர்த்து, விதை முற்றி, அதன் நெய்யே உழவனுக்குக் காசாகும். படத்திற்குப் பூ மலர்ந்தால் போதும். உழவனுக்கு விதை முற்றவேண்டும். ஓர் இணையர் நடுக்கொல்லையில் நிற்க ஒரு குழுவே உள்ளே நுழைந்தால், மிதிபடுவது எவன் சோறு? மணநாளில் 'பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க' என்று வாழ்த்துப் பெறவிருப்போர், அந்நாளுக்கு முன்பே ஓர் உழவனின் வசையைப் பெறுவது நன்றோ?

திரைப்படத்துறையின் பெரிய கை இம்மண்ணில் எவ்வாறு புழங்குகின்றது என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 2023-ஆம் ஆண்டு, தென்காசியை அடுத்த மத்தளம்பாறைப் பகுதியில் 'கேப்டன் மில்லர்' என்னும் படத்திற்குக் களம் அமைத்து, வெடியும் தீயுமாகக் காட்சிகள் எடுத்தபோது, காட்டுக்கும் நீர்வழிக்கும் ஊறு நேர்கின்றதென்று அப்பகுதியினர் முறையிட்டனர். உரிய இசைவு பெறவில்லை என்று அவ்வாண்டு ஏப்பிரல் இறுதியில் மாவட்ட ஆட்சியர் படப்பிடிப்பை நிறுத்திவைத்தார். பெரிய குழு செய்வதைப் பார்த்துத்தான் சிறிய குழு கற்கின்றது. அங்கே மண்ணும் மலையும் வெறும் பின்திரை என்று கருதப்பட்டால், இங்கேயும் அவ்வாறே கருதப்படும்.

பின்திரை என்றதும் ஒன்று நினைவிற்கு வரவேண்டும். பழைய ஒளிப்படக் கடைகளில் அரண்மனைப் படிக்கட்டும் பூங்காவும் நீர்வீழ்ச்சியும் தீட்டிய திரைச்சீலை தொங்கும். அதன்முன் மணமக்களை அமர்த்தி ஒரு படம் எடுப்பர். அந்நாளில் சீலையை அருவியாகப் பாவித்தனர். இன்றோ அருவியைச் சீலையாகப் பாவிக்கின்றனர்! பாவனையிலும் முன்னதில் ஓர் ஏக்கமிருந்தது. பின்னதில் ஓர் இகழ்ச்சி இருக்கின்றது. பொங்குமாகடலில் விழுந்து புடைத்தெழுந்து, சிற்றாறாக ஓடித் தென்காசி நிலங்களை நனைத்துப் பின் பொருநையிற் கலக்கும் நீரை, வெறும் வெள்ளைப் பின்னணியாகக் காண்பவன் கண் குருடென்றே சொல்வோம்.

இதே குற்றாலத்தை நம் முன்னோர் எவ்வாறு கண்டனர்? மேலகரத்துத் திரிகூட இராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சியில் குறத்தி தன் மலையைச் சொல்லுமிடத்தைப் படித்தவர் அறிவர். அரசிளங்குமரிபோல் வீற்றிருக்கும் தலைவிமுன் நின்று, ஒரு மலைமகள் 'இஃது எங்கள் மலை' என்று பெருமிதத்தோடு பேசுகின்றாள். குரங்கும் அருவியும் மூலிகையும் சித்தரும் அவள் நாவில் உயிர்பெற்று எழுகின்றனர். இரவற்சொல் ஒன்றும் அங்கில்லை. அவள் மலை அவளுக்குப் பின்னால் நிற்கவில்லை. அவள் சொல்லுக்குள் நிற்கின்றது. கவிராயர் காட்டிய அம்மலைதான் இன்றும் நிற்கின்றது. அதன்முன் நிற்கும் நமக்குத்தான் சொல்லில்லை.

படம் என்பதே நமக்குப் புதிதன்று. கூத்தப்பெருமானுக்குரிய ஐந்து அம்பலங்களுள் ஒன்றாகிய சித்திர அம்பலம் குற்றாலத்தில்தான் உள்ளது. பொன்னம்பலமும் வெள்ளியம்பலமும் பிறவூர்களுக்கு வாய்க்க, ஓவிய அம்பலம் இவ்வூருக்கு வாய்த்தது. சுவர் முழுதும் வண்ணத்தால் உருவெழுதி, அதனையே வழிபாட்டிற்குரியதாகக் கொண்ட மக்கள், படத்தின் அருமை அறியாதவர் ஆவரோ? தென்காசிப் பெருங்கோயிலை 15-ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த பராக்கிரம பாண்டியன், பின்னாளில் இக்கோயிலைக் காப்பவர் எவராயினும் அவர் அடிகளைத் தான் வணங்குவதாகத் தமிழ்ப்பாட்டாகவே கல்லில் வெட்டி வைத்தான். கோபுரம் சிதைந்தது, மீண்டும் ஒன்பது நிலையாக எழுந்து 1990-இல் குடமுழுக்குக் கண்டது. பாண்டியன் சொல் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கின்றது. அக்கோபுரத்தைப் பின்னே நிறுத்திப் படமெடுப்போர், அக்கல்லிலுள்ள சொல்லை ஒருமுறையேனும் படித்ததுண்டா?

இனித் திருமணத்திற்கு வருவோம். அகநானூற்றின் 86-ஆம் பாட்டு, பழந்தமிழர் மணத்தை நம் கண்முன் நிறுத்துகின்றது. உழுத்தம்பருப்பிட்டுச் சமைத்த பெருஞ்சோறு, தண்பந்தல், பரப்பிய புதுமணல், மனைவிளக்கு, மாலை, விடியற்பொழுது, நீர்க்குடம் சுமந்த முதுபெண்டிர், பூவும் நெல்லும் கலந்த நீரால் மணமகளை நீராட்டி வாழ்த்தும் மக்கட்பேறுடைய மகளிர் நால்வர், இவ்வளவே. அயல்மொழி மந்திரம் அங்கில்லை. அப்பாட்டின் முடிவிலே, தன் மனைவியிடம் தலைவன் கேட்பது யாது? பொன்னன்று, பொருளன்று. 'உன் நெஞ்சில் தோன்றியதை ஒளியாமல் எனக்குச் சொல்' என்பதே. அவள் உள்ளம் நிறைந்த உவகையோடு முகந்தாழ்த்தித் தலைகுனிகின்றாள். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ் மணமகன், மணமகளின் சொந்தச் சொல்லைக் கேட்க விரும்பினான். இன்றைய மணமகனோ, அவளை எவளோ ஒருத்தியின் பாட்டுக்கு வாயசைக்கச் சொல்கின்றான்.

இடைக்காலத்தே நம் மணவிழாக்களில் அயல்மொழி புகுந்து, மணமக்கள் தமக்குப் புரியாத சொல்லுக்குத் தலையசைக்கும் நிலை ஏற்பட்டது. அதனை மாற்றுதற்குத் தமிழறிஞரும் தன்மதிப்பு இயக்கத்தாரும் எத்துணை இழிசொல் கேட்டனர்! இன்றைய தென்காசி மாவட்டத்தில் அடங்கிய சங்கரன்கோவிலில் 1902-இல் பிறந்த மொழிஞாயிறு பாவாணர் 'தமிழர் திருமணம்' என்றே ஒரு நூல் யாத்தார். அண்ணா முதலமைச்சராயிருந்தபோது 1967-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வந்தது. உற்றார் நண்பர் முன்னிலையில், மணமக்கள் தமக்கு விளங்கும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகக் கூறுவதையும், மாலையோ மோதிரமோ மாற்றுவதையும், தாலி கட்டுவதையும் அச்சட்டம் முறையான திருமணமாக ஏற்றது. 'தமக்கு விளங்கும் மொழியில்' என்னும் அச்சிறு தொடருக்குப் பின்னால் இரண்டு மூன்று தலைமுறையின் போராட்டம் இருக்கின்றது. இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற பேசும் உரிமையை நாம் என் செய்தோம்? புரியாத மந்திரத்துக்குத் தலையசைத்ததை விட்டுப் பிறர் பாட்டுக்கு வாயசைக்கத் தொடங்கினோம். தலை தப்பியது; வாய் அகப்பட்டுக்கொண்டது!

இங்கே சிலர் குறுக்கிட்டு, 'அவரவர் காசு, அவரவர் மகிழ்ச்சி, இதில் உமக்கென்ன?' என்பர். காசு அவரவரதாயின் நன்று. பெரும்பாலும் அது பெற்றோரின் கடன். மண்டபத்திற்கும் விருந்துக்கும் பொன்னுக்கும் கடன்பட்டவர், இப்பொழுது படத்திற்கும் கடன்படுகின்றனர். அடுத்த வீட்டு மணத்தில் பறக்குங்கருவி பறந்ததாகலின் நம் வீட்டிலும் பறந்தாக வேண்டும் என்று பிள்ளைகள் கேட்க, மறுக்கமாட்டாத தந்தை வட்டிக்கு வாங்குகின்றார். சுருள் வைத்தும் மொய் எழுதியும் ஒரு குடும்பத்தின் சுமையைப் பல குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்ட நெல்லைச் சீமையில், ஒரு குடும்பத்தின் பகட்டு பல குடும்பங்களின் சுமையாகும் புதுமுறை தோன்றிவிட்டது. மகிழ்ச்சி அவரவரது என்பதும் முழுவுண்மையன்று. நாள் முழுதும் வெயிலில் நின்று, உடைமாற்றி, 'சிரியுங்கள்' என்னும்போது சிரித்துக் களைத்தவரைக் கேட்டால் உண்மை புலப்படும்.

உயிரும் இதில் அகப்படுகின்றது. 2020 நவம்பரில், கருநாடகத்துத் தலைக்காட்டில், மணமுன் படம் எடுக்கச் சென்ற இணையர் பரிசல் கவிழ்ந்து காவிரியில் மூழ்கி மாண்டனர். அதே திங்களில் அவர்களுக்கு மணம் நடக்கவிருந்தது. குற்றாலத்து நீரும் விளையாட்டுக்குரியதன்று. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம், நீராட வந்த 17 அகவை மாணவன் ஒருவனை அடித்துச் சென்றது. மலைமேல் பெய்யும் மழை கீழே நிற்பவனுக்குத் தெரியாது. அருவிக்கரையில் வெயில் காயும்போதே மேலிருந்து வெள்ளம் வரக்கூடும். வழுக்கும் பாறையில், நீண்ட உடையோடு, கருவியை நோக்கிப் பின்புறமாக அடிவைத்து நடக்கச் சொல்பவர் எவராயினும், அவர் சொல்லைக் கேட்க வேண்டா என்று மணமக்களுக்கு உறவினர் துணிந்து கூறவேண்டும். நீராடத் தடைசெய்த நாளிலும் காட்டுத்துறை இசையாத இடத்திலும் படத்திற்கென நுழைவது குற்றம், அறியாமையும் ஆகும்.

இன்னொரு சாரார், இப்படங்களைக் காட்டிப் பெண்களைப் பழிப்பதையே தொழிலாகக் கொண்டுள்ளனர். மணமகளின் உடை குறைந்தது, தோள் தெரிந்தது, கை பிடித்தாள் என்று வசைபாடுகின்றனர். அருகில் நிற்கும் ஆணை மறந்துவிடுகின்றனர். அவர்களோடு நாம் ஒருபோதும் சேரோம். காதலைக் களவென்றும் கற்பென்றும் வகுத்துப் பாடிய இனத்தில் பிறந்து, மணக்கவிருக்கும் இருவர் கைகோத்து நிற்பதை இழிவென்பவன் தமிழ் படியாதவன். சேலைத்தலைப்பை அளப்பது நம் வேலையன்று. அவள் அணிவது அவள் விருப்பம். அவள் சிரிப்பு அவளுடையதாக இருக்கவேண்டும் என்பதே நம் கவலை.

ஒளிப்படத்தையும் நாம் வெறுக்கவில்லை. 1839-இல் பாரீசில் உலகுக்கு அறிவிக்கப்பட்ட அக்கலை சில ஆண்டுகளிலேயே நம் நாட்டிற்கும் வந்தது. 1858-இல், சென்னை அரசின் ஒளிப்படக்காரராயிருந்த திரைப்பு என்னும் ஆங்கிலப் படைத்துறையாளர் மதுரைக் கோயிலையும் தஞ்சைப் பெரியகோயிலையும் எடுத்த படங்கள் இன்று வரலாற்றுச் சான்றாக நிற்கின்றன. இருந்ததை இருந்தவாறு எடுத்தமையாலேயே அவை நின்றன. நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் பழைய மணப்படங்களும் அத்தகையனவே. விறைத்து நிற்கும் தாத்தா, கண்ணிமைக்காத பாட்டி, காலடியில் அமர்ந்த சிறுவர்; அவற்றில் அழகு குறைவாயிருக்கலாம், ஆனால் அவர்கள் அவர்களாகவே இருந்தனர். மூன்று தலைமுறை கழித்தும் 'இவர்தாம் நம் பூட்டன்' என்று காட்ட முடிகின்றது. இன்றெடுக்கும் படத்தைப் பேரன் பார்த்து, 'இஃது எந்தப் படத்துக் காட்சி?' என்று கேட்டால் விடை யாது?

ஆகலின், மணமக்களுக்கும் பெற்றோர்க்கும் ஒளிப்படத் தொழிலர்க்கும் நாம் வேண்டுவன சில. மணமக்களே, நீங்கள் ஒருவரையொருவர் ஏற்கும் சொல்லை நீங்களே தமிழில் எழுதுங்கள். நான்கு வரியாயினும் போதும். அதனை அவையில் வாய்விட்டுச் சொல்லுங்கள். அக்குரலைப் பதிவு செய்யுங்கள். உங்கள் மக்கள் ஒருநாள் கேட்க விரும்பும் பாட்டு அதுவேயாகும். நலுங்குப்பாட்டும் குலவையும் அறிந்த பாட்டியர் ஒவ்வோர் ஊரிலும் அருகி வருகின்றனர். பறக்குங்கருவிக்குத் தரும் பொழுதில் கால்பங்கை அவர்க்குத் தாருங்கள். பந்தக்கால் நடுவதையும், சுருள் வைப்பதையும், மறுவீடு செல்வதையும், அவ்வவற்றிற்கு உங்கள் ஊர் வழங்கும் சொற்களோடு படமாக்குங்கள். அகரமுதலியில் ஏறாத எத்தனையோ சொற்கள் அவ்வாறு பிழைக்கும். அருவியோரம் படம் வேண்டுமா? எடுங்கள், ஆனால் அவ்வருவியின் பெயரையும் அது பாயும் ஆற்றின் பெயரையும் அறிந்து எடுங்கள். கொல்லையில் வேண்டுமா? உழவனைக் கேளுங்கள், அவனுக்குரியதைக் கொடுங்கள், இயலுமாயின் அவனையும் உங்களோடு நிறுத்துங்கள்.

ஒளிப்படத் தொழிலரே, நீங்கள் நம் இனத்தின் கண்கள். கேட்டதைக் கொடுத்தால்தான் வயிறு நிறையும் என்னும் உங்கள் நெருக்கடியை அறிவோம். எனினும், கேட்கத் தெரியாதவர்க்கு எடுத்துக்காட்டுபவனே கலைஞன். திரைப்பாடலை ஒலிக்கவிடுமுன், 'உங்கள் ஊர்ப்பாட்டு ஏதேனும் உண்டா?' என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். உங்கள் கடைப்பலகையையும் மணப்பேழையின் முகப்பையும் தமிழாக்குங்கள். அதற்குக் கூடுதற்செலவு இல்லை. கூடுதல் நெஞ்சுறுதி மட்டும் வேண்டும்.

திரைப்படம் நம் வாழ்க்கையைப் பார்த்துத் தன் காட்சிகளை அமைத்துக்கொள்ளட்டும். அதுவே முறை. நம் வாழ்க்கை திரைப்படத்தைப் பார்த்துத் தன்னை அமைத்துக்கொள்ளும் நாளில், இவ்வினத்திடம் எடுப்பதற்கு ஒரு படமும் மிஞ்சாது. வாய் நமக்கு அசைப்பதற்காக அமைந்ததன்று, பேசுவதற்காக அமைந்தது. தமிழ் மணமக்களே, பேசுங்கள்!